எஞ்சின் நின்ற பின் முப்பது நொடி

குறிஞ்சிப்பிட்டியில் பாடசாலை மாணவர்களும் மீனவக் குடும்பத்தாரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஹெலிகொப்டரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர்கள் சிலர், இது நமக்கெதற்கு என்ற முகத்தோடு இருக்கிறார்கள். உங்களுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த நாட்டைப் புரட்டிப் போட்டது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். வெள்ளத்தில் சிக்கிய ஊர்களுக்கு வான்வழியாக உணவு போய்க்கொண்டிருந்த நாட்களில், நவம்பர் 30ஆம் திகதி, இதே புத்தளம் மாவட்டத்தின் தெற்குப் பக்கம், வென்னப்புவைக்கு அருகே லுணுவிலவில், விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் ஒன்று கிங் ஓயாவில் விழுந்தது. அதில் ஐந்து பேர் இருந்தார்கள். விமானி விங் கமாண்டர் நிர்மல் சியம்பலாபிட்டிய உயிரிழந்தார். அந்தக் காணொளியை நம்மில் பலர் கைபேசியில் பார்த்தோம். அதே ஆண்டு மே 9ஆம் திகதி, மாதுறு ஓயாவில் விசேட படையினரின் பயிற்சி நிறைவு நிகழ்ச்சியில் கலந்துகொண்ட இன்னொரு பெல் 212 நீர்த்தேக்கத்துக்குள் விழுந்து ஆறு பேர் மாண்டார்கள். ஏழு மாதத்துக்குள் ஒரே வகை ஹெலிகொப்டர் இரண்டு, இரண்டும் தண்ணீரில். கடலுக்கும் களப்புக்கும் நடுவில் குடியிருக்கும் உங்களுக்கு இது எட்டாத விஷயமல்ல.

அந்த விபத்துகளுக்கு யார் காரணம், எது காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. விழுந்த இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்காதவன் காரணம் சொல்லக் கூடாது. நான் பேச வந்தது இவற்றுக்கு முந்தைய ஒரு கேள்வி. வானத்தில் எஞ்சின் நின்றுபோனால் ஹெலிகொப்டரை எப்படி இறக்குவது என்று விமானிக்கு ஒரு வித்தை கற்றுக் கொடுக்கிறார்கள். உயிர் காக்கும் வித்தை. அந்த வித்தையைப் பழகும்போதே ஹெலிகொப்டர்கள் விழுகின்றன. அப்படியானால் பழகுவதா, விடுவதா?

முதலில் அந்த வித்தை என்ன என்று பார்ப்போம்.

எஞ்சின் நின்றால் ஹெலிகொப்டர் கல் மாதிரி விழும் என்றுதான் அநேகமானோர் நினைக்கிறார்கள். படித்தவர்களும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மாம்புரிப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைத் தினமும் பார்க்கிறீர்கள். கச்சான் காலத்தில் அவை ஓயாமல் சுற்றும். அவற்றைச் சுற்ற வைப்பது எஞ்சினா? காற்று. எஞ்சின் நின்ற ஹெலிகொப்டரிலும் அதேதான் நடக்கிறது. காற்றாலை நின்ற இடத்தில் நிற்கும், காற்று அதைத் தேடி வரும். ஹெலிகொப்டர் கீழே இறங்கும், இறங்குகிற வேகத்தில் காற்று அடியிலிருந்து விசிறிக்குள் புகுந்து மேலே போகும். அந்தக் காற்று விசிறியைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். விசிறி சுற்றுகிற வரைக்கும் அது ஒரு குடை விரித்த அளவுக்குத் தாங்கும், விமானியின் கைக்கும் அடங்கும். இதற்கு ஓட்டோரொட்டேஷன் என்று பெயர். தமிழில் தற்சுழற்சி இறக்கம் என்று சொல்லலாம்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம், பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் இருப்பதால். இறங்கும்போது விசிறியின் எல்லாப் பகுதியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அச்சுக்குப் பக்கத்தில் உள்ள பகுதி மெதுவாக நகர்வதால் ஒன்றுக்கும் உதவாது. நடுப்பகுதிதான் கீழிருந்து வரும் காற்றை வாங்கி இறக்கையை முன்னே தள்ளுகிறது. நுனிப் பகுதி அந்தச் சக்தியைச் செலவழித்துத் தூக்குவிசை தருகிறது. நடுப்பகுதி சம்பாதிப்பதும் நுனி செலவழிப்பதும் சமமாக இருக்கும்வரை விசிறி ஒரே வேகத்தில் சுற்றும். இந்தக் கணக்கைச் சரியாக வைப்பது விமானியின் இடது கை. இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். கொலெக்டிவ் என்பார்கள். அதை உயர்த்தினால் எல்லா இறக்கைகளும் ஒன்றாகக் காற்றைக் கூடுதலாக வெட்டும், தாழ்த்தினால் தட்டையாகும். எஞ்சின் நின்ற கணமே விமானி அதைக் கீழே தள்ள வேண்டும். தள்ளாமல் ஒரு கணம் யோசித்தால் விசிறி வேகம் குறையும். ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் திரும்ப ஏறாது. அதற்குப் பிறகு அது உண்மையிலேயே கல்தான்.

எஞ்சின் நின்றால் அது விசிறியையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திவிடாதா என்று ஒரு பிள்ளை கேட்கலாம். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றுகிறதல்லவா, அதே போல ஒரு ஏற்பாடு எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவில் இருக்கிறது. எஞ்சின் விசிறியைச் சுழற்றலாம், எஞ்சினால் விசிறியைப் பிடித்து வைக்க முடியாது.

எஞ்சின் இல்லாமலும் காற்றே விசிறியைச் சுழற்றும் என்ற உண்மை, நடைமுறைக்கு ஏற்ற ஹெலிகொப்டர் வருமுன்னமே கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்பெயின் நாட்டு ஹுவான் டி லா சியெர்வா என்ற பொறியியலாளர் 1919இல் ஒரு பெரிய விமானம் செய்தார். அது தாழ்வாகப் பறக்கும்போது வேகம் குறைந்து விழுந்து நொறுங்கியது. வேகம் குறைந்தாலும் விழாத ஒரு பறக்கும் இயந்திரம் செய்யாமல் விடுவதில்லை என்று அந்த மனிதர் இறங்கினார். தலைக்கு மேல் தானாகச் சுற்றும் விசிறி வைத்த ஓட்டோஜைரோவை 1923 ஜனவரியில் பறக்கவிட்டார். அந்த மாதத்திலேயே ஒரு பறப்பில் எஞ்சின் நின்றுபோனது. இயந்திரம் மெதுவாக இறங்கி நின்றது, விமானிக்கு ஒன்றுமில்லை. பின்னாளில் வந்த ஹெலிகொப்டர்கள் அந்த அறிவின் மீதுதான் நிற்கின்றன. சியெர்வா 1936 டிசம்பரில் லண்டன் குரொய்டனில் மூடுபனிக்குள் புறப்பட்ட ஒரு சாதாரணப் பயணிகள் விமானம் விழுந்ததில் இறந்தார். விதி என்று சொல்லிவிட்டு நகர வேண்டிய இடம் இது.

எவ்வளவு உயரத்திலிருந்து இப்படி இறங்க முடியும்? 1972 ஜூன் 21ஆம் திகதி பிரெஞ்சு விமானி ஜான் பூலே லாமா என்ற சிறிய ஹெலிகொப்டரில் 12,442 மீற்றர் ஏறினார். எவரெஸ்ட் சிகரத்தைவிட மூன்றரைக் கிலோமீற்றர் அதிகம். வெளியே குளிர் பூச்சியத்துக்கு 60 பாகைக்கும் கீழே. அங்கே எஞ்சின் அணைந்துவிட்டது. மறுபடி பற்ற வைக்க வழியில்லை. அவ்வளவு உயரத்திலிருந்தும் எஞ்சின் இல்லாமலே இறங்கித் தரை தொட்டார். தற்சுழற்சி இறக்கத்தில் அதுதான் இன்றுவரை சாதனை. அந்த லாமா இந்தியாவுக்காகவே செய்யப்பட்டது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. இமயமலைக்கு ஏற்ற ஹெலிகொப்டர் வேண்டுமென்று இந்திய இராணுவம் கேட்டதால் உருவானது அது. பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோனோட்டிக்ஸ் அதைச் சீட்டா என்ற பெயரில் கட்டியது, இந்திய இராணுவம் அதைச் சியாச்சின் பனிமலைக்கு அனுப்பி வந்திருக்கிறது.

பூலேக்கு உயரம் இருந்தது. உயரம் இருந்தால் நேரம் இருக்கும். நாம் பார்க்கிற ஹெலிகொப்டர்கள் பறப்பது ஆயிரம் அடியில், ஐந்நூறு அடியில். நிவாரணப் பொதி போடும்போது தென்னை மரத்துக்குச் சற்று மேலே. அங்கேதான் சிக்கல்.

ஆயிரம் அடியில் பயிற்சி எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஆசிரியர் ஒரு பக்கம், மாணவ விமானி மறுபக்கம். அறுபது நொட் வேகத்தில், ஓடுபாதையை நோக்கிக் காற்றுக்கு எதிரே பறக்கிறார்கள். ஆசிரியர் திடீரென்று எஞ்சின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டிலைக் குறைக்கிறார். எஞ்சின் இரைச்சல் அடங்குகிறது. மூக்கு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கிறது, காலால் பெடலை மிதித்து நேராக்க வேண்டும். இடது கை கொலெக்டிவைக் கீழே தள்ளியாகிவிட்டதா? வயிறு தொண்டைக்கு ஏறுகிறது. நிமிடத்துக்கு ஆயிரத்தெண்ணூறு அடி வீதம் இறங்குகிறது. கண் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: விசிறிச் சுற்று காட்டும் மானி, வேகமானி, இறங்கப் போகும் இடம். ஆயிரம் அடி இந்தக் கணக்கில் முப்பத்து மூன்று நொடியில் முடிந்துவிடும். நூறு அடிக்குக் கீழே வந்ததும் வலது கையால் சைக்ளிக் என்ற நெம்புகோலைப் பின்னே இழுத்து மூக்கைத் தூக்க வேண்டும். முன்னோக்கிய வேகம் அங்கே செத்து விசிறிச் சுற்றாக மாறும். பிறகு மூக்கை மட்டப்படுத்தி, கடைசிப் பத்து அடியில் கொலெக்டிவை உயர்த்த வேண்டும். விசிறியில் சேர்த்து வைத்த சுழற்சி முழுவதும் அந்த ஒரு தூக்கலில் செலவாகிறது. அது ஒரு தடவைக்குத்தான் காணும். ஐந்தடி முந்திச் செலவழித்தால் அந்தரத்தில் விசிறி ஓய்ந்து தொப்பென்று விழும். பிந்தினால் முழு வேகத்தில் தரையில் மோதும்.

மூக்கைத் தூக்கும்போது வால் தாழும். தரைக்கு மிக அருகில் தூக்கினால் வால் மண்ணில் அடிபடும். அடிபட்ட அதிர்ச்சியில் மேல் விசிறி வளைந்து வாலையே வெட்டிவிடும். சறுக்குக் கால் ஒன்று மட்டும் முதலில் மண்ணைத் தொட்டுச் சிக்கினால் இயந்திரம் பக்கவாட்டில் புரண்டுவிடும். பயிற்சி விபத்துப் படங்களைப் பார்த்தால், வால் முறிந்த ஹெலிகொப்டரும் பக்கவாட்டில் கிடக்கும் ஹெலிகொப்டரும்தான் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் உள்ளே இருந்தவர்கள் நடந்து வெளியே வருவார்கள். சில நாட்களில் வருவதில்லை.

உண்மையான எஞ்சின் கோளாறில் நடக்காத ஒரு ஆபத்து பயிற்சியில் உண்டு. அநேகப் பயிற்சிகளில் தரை வரைக்கும் போவதில்லை. கடைசி நேரத்தில் எஞ்சினுக்குத் திரும்பவும் சக்தி கொடுத்து அந்தரத்தில் நிறுத்துவார்கள். த்ரொட்டிலைத் திறந்ததும் டர்பைன் எஞ்சின் சட்டென்று பாயாது, சுற்றேற நேரம் எடுக்கும். ஆசிரியர், இதோ மாணவன் சரி செய்துவிடுவான் என்று அரை நொடி பொறுப்பார். மாணவன், ஆசிரியர் இருக்கிறார்தானே என்று இருப்பான். இருவரும் ஒருவரையொருவர் நம்பிக்கொண்டே தரைக்கு வந்துவிடுவார்கள். நல்ல ஆசிரியருக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்க ஃபெடரல் விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013இல் தற்சுழற்சிப் பயிற்சிக்கென்றே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் எளிது. தரைக்கு நூறு, இருநூறு அடி மேலேயே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அங்கே விசிறிச் சுற்று, வேகம், இறங்கும் வீதம், திசை நான்கும் சரியாக இல்லையென்றால் உடனே எஞ்சினைக் கொடுத்து மேலே போய்விடுங்கள், சரி செய்யப் பார்க்காதீர்கள். இப்படி எழுதிச் சொல்ல வேண்டி வந்ததே, எத்தனை பேர் சரி செய்யப் பார்த்து விழுந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

எந்த ஹெலிகொப்டரில் பழகுகிறோம் என்பதும் முக்கியம். உலகமெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் உள்ள ரொபின்சன் ஆர்22 மிகச் சிறியது, மலிவானது. அதன் விசிறி இலேசானது. இலேசான விசிறியில் சுழற்சி தங்காது. எஞ்சின் நின்றால் விமானிக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ ஒரு நொடி. இந்த வகையில் விபத்துகள் கூடியதால் 1995இல் அமெரிக்கா அதை ஓட்டுபவர்களுக்குத் தனிப் பயிற்சி விதி கொண்டுவந்தது. அதற்கு மறுபக்கம் பெல் 206. பாரமான இறக்கைகள், நிறையச் சுழற்சியைச் சேர்த்து வைத்திருக்கும். நம் விமானப்படை ஹிங்குராக்கொடவில் தன் ஹெலிகொப்டர் விமானிகளை அதிலேதான் பழக்குகிறது. இந்த விஷயத்தில் நம்மவர்களின் தெரிவு சரியானது என்பது என் எண்ணம். மலிவைப் பார்த்துப் பயிற்சி விமானம் வாங்கினால் பிறகு சவப்பெட்டிக்குச் செலவழிக்க வேண்டி வரலாம்.

இன்னொன்று உண்டு. எந்த உயரத்தில் எந்த வேகத்தில் எஞ்சின் நின்றால் தப்ப முடியாது என்று ஒவ்வொரு ஹெலிகொப்டருக்கும் ஒரு வரைபடம் இருக்கும். விமானிகள் அதைச் செத்தவன் கோடு என்பார்கள். சில மீற்றருக்கு மேலே, நூறு மீற்றர் வாக்கு வரைக்கும், வேகமில்லாமல் அந்தரத்தில் நிற்பது அந்தக் கோட்டுக்குள் இருப்பது. கீழே விழுந்து காற்றைச் சேகரிக்க உயரம் போதாது, முன்னே ஓடிச் சேகரிக்க வேகம் இல்லை. வெள்ளத்தில் கூரைமேல் நிற்பவரைக் கயிறு போட்டுத் தூக்குகிற ஹெலிகொப்டர் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான். டித்வா நேரத்தில் அப்படி எத்தனையோ தடவை நின்றார்கள். பெல் 212 இரட்டை எஞ்சின் கொண்டது என்பதால் ஒன்று நின்றாலும் மற்றது ஓரளவு தாங்கும். என்றாலும் பாரமும் வெயிலும் சேர்ந்தால் அந்த ஓரளவும் குறைந்துவிடும்.

இரண்டு எஞ்சின் இருந்தால் இந்த வித்தையே தேவையில்லை என்று ஒரு கட்சி உண்டு. அவர்களுக்கு கிளாஸ்கோவைச் சொல்ல வேண்டும். 2013 நவம்பர் 29ஆம் திகதி இரவு, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பொலிஸ் ஹெலிகொப்டர் ஒன்று ஒரு மதுச்சாலையின் கூரைமீது விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அதுவும் இரட்டை எஞ்சின்தான். பிரதான தாங்கியில் எழுபது கிலோவுக்கு மேல் எரிபொருள் இருந்தது. அதை எஞ்சினுக்குக் கொடுக்கும் சிறு தாங்கிகளுக்கு ஏற்றும் பம்புகள் அணைந்திருந்தன. ஒரு எஞ்சின் நின்று முப்பத்திரண்டு நொடியில் மற்றதும் நின்றது. இருட்டு, கீழே நகரம், தனி விமானி. விசிறிச் சுற்றைக் காப்பாற்ற முடியவில்லை. பிரிட்டன் விசாரணைக் குழு 2015இல் இதையெல்லாம் அச்சிட்டு உலகத்தின் முன் வைத்தது. அதனால்தான் குறிஞ்சிப்பிட்டியில் நின்று நான் இதைச் சொல்ல முடிகிறது.

வித்தை கைகொடுத்த கதையும் உண்டு. 1995 ஜனவரி 19, வட கடல். அபர்டீனிலிருந்து எண்ணெய்க் கிணற்று மேடைக்குப் போன சூப்பர் பூமா ஹெலிகொப்டரை மின்னல் தாக்கியது. வால் விசிறி சேதமாகி, கொஞ்ச நேரத்தில் அதன் பொறிப்பெட்டியே கழன்றுவிட்டது. வால் விசிறி இல்லாமல் எஞ்சின் ஓடினால் மேல் விசிறி ஒரு பக்கம் சுற்ற, உடல் மறுபக்கம் பம்பரமாகச் சுற்றும். விமானி செட்ரிக் ரொபர்ட்ஸ் தானே எஞ்சின்களை நிறுத்தி, தற்சுழற்சியில் அந்தக் கொந்தளிக்கும் கடலில் இறக்கினார். மிதவைப் பைகள் விரிந்தன. பதினெட்டுப் பேரும் உயிர்ப் படகில் ஏறித் தப்பினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. நன்றாக ஓடுகிற எஞ்சினைத் தன் கையாலேயே அணைக்க ஒருவனுக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது? பழகிப் பழகி வருகிறது. வேறு வழியே இல்லை.

ஆக, பழகாமல் விட முடியாது. எவ்வளவு தூரம் பழகுவது என்பதில்தான் சண்டை. அமெரிக்க இராணுவத்தில் ஒரு காலத்தில் தரை தொடும் வரைக்கும் எல்லோரும் பழகினார்கள். நிஜ எஞ்சின் கோளாறில் உடைந்ததைவிடப் பயிற்சியில் அதிகம் உடைகிறதே என்ற கணக்கு எழுந்தது. பயிற்சிப் பள்ளிகளுக்கு வெளியே உள்ள படைப்பிரிவுகளில் தரை தொடும் பழக்கத்தைக் கட்டுப்படுத்தினார்கள். அப்படிச் செய்ததால் விமானிகளின் கை மழுங்கிவிட்டது என்று பழைய ஆசிரியர்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால், தரை தொடும் பயிற்சி வேண்டும். ஆனால் அது பாரமான விசிறியுள்ள ஹெலிகொப்டரில், நீளமான மட்டமான ஓடுபாதையில், எதிர்காற்றுள்ள காலையில், அதையே தொழிலாகச் செய்யும் ஆசிரியரோடு மட்டும் நடக்க வேண்டும். மற்றதெல்லாம் தரையிலிருந்தே பறப்பைப் பழக்கும் சிமியுலேட்டரில். சிமியுலேட்டருக்குக் காசில்லை என்று எந்த அரசும் சொல்லக் கூடாது. ஒரு ஹெலிகொப்டர் உடைந்தால் போகும் காசும் காசுதான், அதோடு ஆளும் போகிறான்.

பயிற்சி மட்டுமா? பரீட்சித்துப் பார்க்கும் பறப்பிலும் இதே வலை இருக்கிறது. 2019 டிசம்பர் 5ஆம் திகதி அமெரிக்காவின் மினசோட்டாவில் பிளாக் ஹோக் ஹெலிகொப்டர் ஒன்று பராமரிப்புக்குப் பிறகு சோதனைப் பறப்பில் இருந்தது. ஒரு எஞ்சினின் முழுச் சக்தியை அளக்க மற்ற எஞ்சினைக் குறைத்து வைத்தார்கள். அளக்கப்பட்ட எஞ்சினில் ஒரு பாகம் பிழையாகப் பொருத்தப்பட்டிருந்தது. அது நின்றது. மற்றது சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மூவரும் இறந்தார்கள். பழுது நேர்ந்தது வானத்தில், பிழை நேர்ந்தது தொழிற்கூடத்தில். இதை எங்கோ ஒளித்து வைக்கவில்லை. இராணுவ ஹெலிகொப்டர்தான், என்றாலும் விசாரணை முடிவைப் பத்திரிகையாளர் முன்னால் வைத்தார்கள்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்த முக்கியமான பேச்சு இங்கேதான் இருக்கிறது. நம்மிடத்தில் ஒரு ஹெலிகொப்டர் விழுந்தால் இரண்டே இரண்டு பேச்சு எழும். ஒரு கூட்டம், பழைய இரும்பைப் பறக்க விட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று கத்தும். இன்னொரு கூட்டம், நாட்டுக்காக உயிர்த்தியாகம் என்று மாலை போடும். இரண்டு நாளில் இரண்டு கூட்டமும் கலைந்துவிடும். மாதுறு ஓயாவுக்கும் லுணுவிலவுக்கும் விமானப்படை விசாரணைக் குழு அமைத்தது. நல்லது. ஆனால் இராணுவ விபத்தின் முழு அறிக்கையை மக்கள் கையில் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசியப் பாதுகாப்பு என்ற காரணத்துக்கு ஒரு கதவை மூடியே வைத்திருக்கிறது. ஆயுதம், இரகசியப் பணி என்றால் மூடட்டும். ஒரு பொறிப்பெட்டி ஏன் உடைந்தது, விசிறிச் சுற்று எத்தனையில் விழுந்தது, ஆசிரியர் எந்த உயரத்தில் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார் என்பவற்றில் என்ன இரகசியம்?

அண்டை நாட்டைப் பாருங்கள். 2021 டிசம்பர் 8ஆம் திகதி தமிழ்நாட்டில் குன்னூருக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தளபதி பிபின் ராவத் பயணம் செய்த எம்ஐ-17 ஹெலிகொப்டர் விழுந்து பதினான்கு பேர் மாண்டார்கள். இந்தியாவிலும் முழு அறிக்கை வெளியே வரவில்லை. ஆனால் மூன்று ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில், பாராளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு தன் அறிக்கையோடு விமானப்படை விபத்துப் பட்டியலைச் சபையில் வைத்தது. 2017 முதல் 2022 வரை முப்பத்து நான்கு விபத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம். குன்னூர் விபத்துக்கு எதிரே விமானிகளின் மனிதப் பிழை என்று இருந்தது. ஒரே வரி. அந்த ஒரே வரி போதாது என்பதுதான் என் கட்சி. மனிதப் பிழை என்பது விசாரணை தொடங்க வேண்டிய இடம். அந்த மனிதன் ஏன் அந்த நேரத்தில் அதைச் செய்தான், அவனுக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி கொடுத்தீர்கள், மூடிய முகிலுக்குள் போகும்படி அவனை நெருக்கியது எது? அதைக் கேட்காமல் கோப்பை மூடினால் அடுத்த மனிதனும் அதே பிழையைச் செய்வான். என்றாலும் அந்த ஒரு வரியாவது அவர்களுடைய பாராளுமன்றத்துக்கு வந்தது. நம் பாராளுமன்றத்துக்கும் வரட்டும். மாதுறு ஓயாவும் லுணுவிலவும் அதில் முதலிரண்டு வரியாக இருக்கட்டும். சிங்களத்திலும் தமிழிலும் வரட்டும், ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் வந்ததாகாது.

கடைசியாக, கடலுக்குப் போகிற உங்களிடம் ஒரு வேலைப் பேச்சு. பாலாவியில் விமானப்படை நிலையம் இருக்கிறது. இந்தக் கரையின் மேலே ஹெலிகொப்டர் பறக்கத்தான் போகிறது. ஒரு நாள் ஒன்று களப்பிலோ கடலிலோ இறங்கினால் முதலில் போய்ச் சேருவது கடற்படையல்ல, உங்கள் படகு. ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

களப்பு கண்ணாடி போலக் கிடக்கும் அமைதியான நாளில்தான் விமானிக்குத் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறதென்று தெரியாது. அலையடிக்கும் நாளைவிட அந்த நாளில்தான் மோதல் கடுமையாக இருக்கும். ஹெலிகொப்டருக்குப் பாரமெல்லாம் தலையில். எஞ்சினும் பொறிப்பெட்டியும் மேலே இருப்பதால் தண்ணீர் தொட்டதும் அது பெரும்பாலும் தலைகீழாகக் கவிழும். உள்ளே இருப்பவருக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. கடல்மேல் பறப்பவர்களைக் கூண்டில் கட்டித் தண்ணீருக்குள் கவிழ்த்துத் தப்பிக்கப் பழக்குவது இதற்காகத்தான். 2022 ஜூன் 28ஆம் திகதி மும்பைக் கடலில் எண்ணெய் மேடைக்குப் பக்கத்தில் இறங்கிய ஹெலிகொப்டரில் ஒன்பது பேரில் நால்வர் போனார்கள். அங்கேயும் படகுகள் பக்கத்தில் இருந்ததால்தான் ஐவர் மிஞ்சினார்கள்.

ஆகவே விசிறி முழுதாக நிற்கும்வரை கிட்டப் போகாதீர்கள். வால் பக்கமாக ஒருபோதும் போகாதீர்கள், அங்கே சிறிய விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது. எரிபொருள் தண்ணீரில் பரவியிருக்கும், மணத்தால் தெரியும். அதற்குள் போனால் படகின் எஞ்சினை அணைத்துத் துடுப்பால் போங்கள், பீடியோ சிகரட்டோ வேண்டாம். உங்கள் படகை ஹெலிகொப்டரோடு கட்டாதீர்கள், அது மூழ்கும்போது உங்களையும் இழுக்கும். கவிழ்ந்திருந்தால் கதவுப் பக்கமும் ஜன்னல் பக்கமும் பாருங்கள், ஆட்கள் அங்கேதான் வெளியே வருவார்கள். வெளியே வந்தவரின் முதுகையும் கழுத்தையும் வளைக்காமல் தூக்குங்கள், மோதலில் முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். ஆட்களைக் காப்பாற்றிய பிறகு, சிதறிய துண்டுகளில் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒரு சிறு ஆணி கிடைத்தாலும் எந்த இடத்தில் கிடைத்தது என்று குறித்துப் பொலிஸாரிடமோ கடற்படையிடமோ கொடுங்கள். அடுத்த ஹெலிகொப்டர் விழாமலிருக்க வேண்டிய விடை அந்த ஆணியில் இருக்கலாம்.